பதினோராம் இலை

கொச்சங்காடியில் போய் ஒச்சம்மாள் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அடைச் சேச்சி என்று கேட்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் எதிர்க்கடைக்காரர் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து வழி காட்டுவார். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு, மூடி போட்ட அலுமினியப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மட்டாஞ்சேரிச் சாயாக்கடைகளுக்கு இலையடை கொண்டுபோகிறவள் அவள். நாற்பத்தைந்து வயது. ஒடிசலான உடம்பு, உரத்த தொண்டை. உசிலம்பட்டித் தமிழையும் மட்டாஞ்சேரி மலையாளத்தையும் கலந்து அவள் ஆரம்பித்தால் மூட்டை தூக்குகிறவர்களே ஒதுங்கி வழி விடுவார்கள். அப்பேர்ப்பட்ட வாய் பத்து நாள் அடங்கிக் கிடந்த கதை இது.

இலையடையை வாழையிலையில் அவிப்பவர்கள் உண்டு. ஒச்சம்மாள் அவிப்பது வட்டமரத்து இலையில். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, காம்பு ஓரத்தில் இல்லாமல் நடுவில் ஒட்டியிருக்கிற இலை. அரிசிமாவைப் பரப்பி, தேங்காயும் வெல்லமும் வைத்து மடித்து ஆவியில் ஏற்றினால் இலையின் வாசனை மாவில் இறங்கும். அந்த வாசனைக்காகத்தான் அவள் அடையைத் தேடி ஆள் வருகிறது. வட்டமரத்தை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. இடிந்த சுவரும் கொஞ்சம் ஈரமும் இருந்தால் தானே முளைத்துக்கொள்ளும். கொச்சங்காடியில் இடிந்த சுவருக்கா பஞ்சம்? அவள் அறைக்குப் பின்னால், ஒரு காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கியிருந்த பண்டகசாலை ஒன்று ஓடு சரிந்து கிடக்கிறது. அதன் முற்றத்தில் மூன்று வட்டமரங்கள். வாரிசுகள் கோர்ட்டில் அடித்துக்கொள்கிற வரைக்கும் அந்த மரங்கள் ஒச்சம்மாளுடையவை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், தோப்பும்படி போகிற வழியில் சாயாக்கடை வைத்திருக்கும் சேவியர், கொடுத்த அடை இருபதையும் அப்படியே திருப்பித் தந்தார்.

"சேச்சி, இதென்ன சாதனம்? சாழி நாத்தம் அல்லே அடிக்குது! ஆளுங்க துப்பிட்டுப் போறாங்க."

சாழி என்பது மலையாளத்துக்காரர்கள் நாற்றப்பூச்சிக்கு வைத்திருக்கும் பேர். ஒச்சம்மாள் முதலில் சேவியரோடு ஒரு பாட்டம் சண்டை போட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து ஒவ்வோர் அடையாகப் பிரித்தாள். பன்னிரண்டாவதிலோ பதிமூன்றாவதிலோ, மடித்த இலையின் வெளிப்பக்கத்தில், ஆரஞ்சு நிறப் பூச்சி ஒன்று வெந்து ஒட்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தளவு. முதுகு முழுக்க ஒரே ஓடு, ஓட்டில் கறுப்புப் புள்ளிகள். அதன் வயிற்றுக்கு அடியில் ஜவ்வரிசியைப் பரப்பினாற்போல முட்டைகள். அந்த ஒன்றின் நாற்றம் ஆவியில் கலந்து பானை முழுவதையும் கெடுத்திருந்தது. மாவு பரப்புகிற பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு அடிப்பக்கத்தைப் பார்க்காமல் விட்டது அவள் தப்பு.

தன்னைத் தானே நன்றாகத் திட்டிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. சிறகுள்ள பூச்சி. இலையைக் கிள்ளியபோது அது பறந்திருக்கலாம். கூடையில் போட்டபோது, மேல்பக்கத்தைத் துடைத்தபோது, மடித்தபோது, எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். போகவில்லை. ஆவி மேலே ஏறுகிறவரை முட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. ஒச்சம்மாள் அன்று சோறு சாப்பிடவில்லை. இருபது அடை வீணானதால் என்று பக்கத்து அறைக்காரியிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்துத்தான் கிள்ளுவாள். பூச்சி உட்கார்ந்திருந்தால் அந்த இலையை விட்டுவிடுவாள். வட்டமரம் காய் பிடிக்கிற மார்ச், ஏப்ரலில் ஒரு கிளையையே விட வேண்டி வரும். பரவாயில்லை என்று விட்டாள்.

அவள் மனசு ஏன் அப்படி அடித்துக்கொண்டது என்பதற்குப் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கல்யாணமான மறுவருஷம் புருஷன் பிச்சையோடு மூட்டை தூக்கும் வேலைக்கு மட்டாஞ்சேரி வந்தவள் அவள். மகள் செல்வலட்சுமி பிறந்தது இங்கேதான். பிறந்ததிலிருந்தே பிள்ளைக்கு இழுப்பு. மிளகாய், சுக்கு, மஞ்சள் என்று காற்று முழுக்கத் தூசி. பிள்ளைக்கு இந்தக் காற்று ஆகாது, இடத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார். பிச்சையின் அக்கா உசிலம்பட்டியில் இருந்தாள், பிள்ளை இல்லாதவள். நாலு வயசு செல்வியை அந்த மதினியிடம் விட்டுவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் வருகிறேன் என்று ஒச்சம்மாள் திரும்பினாள். மழை முடிவதற்குள் பிச்சை லாரியின் மேலிருந்து மூட்டையோடு விழுந்து செத்துப்போனான். அதற்கப்புறம் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்து, சுக்கு புடைத்து, கடைசியில் அடை அவித்து, அவள் இங்கேயே தங்கினாள். மாதம் தவறாமல் மதினிக்குப் பணம் அனுப்பினாள். ஒரே ஒருமுறை, ஒரு வருஷம் கழித்து, மகளைக் கூட்டிவரப் போனாள். பிள்ளை அவளைக் கண்டதும் ஓடி ஒளிந்துகொண்டது. இழுப்பு நின்று கன்னம் பூசியிருந்தது. மதினியை அம்மா என்றது. ஒச்சம்மாள் வாங்கிப்போன பலகாரத்தை வைத்துவிட்டு அன்று சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

அப்புறம் பதினேழு வருஷம். திருவிழாவுக்கு ஒருநாள், சடங்குக்கு ஒருநாள் என்று போய்வருவாள், விருந்தாளி மாதிரி. மற்றபடி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன். "சாப்டிங்களா?" "சாப்ட்டேன். நீ?" "சாப்ட்டேன். வச்சிரவா?" மதினியை நீ, வா, போ என்று பேசுகிற பிள்ளை, பெற்றவளை நீங்க, வாங்க என்றது. பிள்ளைக்கு நல்ல மரியாதை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். ஒச்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

செல்வி கெட்டிக்காரி. விவசாயக் கல்லூரியில் சேர்ந்து, பட்டம் வாங்கி, மேலே பூச்சிகளைப் பற்றிப் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைத்துவிடப்போகிறாளே என்ற பதற்றத்தில், பேச வேறு எதுவும் அகப்படாமல் ஒச்சம்மாள் அந்தச் சாழிக் கதையைச் சொன்னாள். மறுமுனையில் செல்வியின் குரலே மாறிவிட்டது.

"இலையைக் கிள்ளுன பெறகும் போகலையா? நெசமாவா? எத்தனை முட்டை இருக்கும்? பூச்சி நெறம் என்ன?"

பத்தொன்பது நிமிஷம் பேசினார்கள். போனை வைத்துவிட்டு ஒச்சம்மாள் சேவியர் கடைக்குப் போய், கேட்காமலேயே எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாழிதான் பேச்சு. ஒருநாள் செல்வி கேட்டாள்:

"என் ஆராய்ச்சிக்கு இதையே எடுத்துக்கலாம்னு சார் சொல்றார். மார்ச்சுல வரேன். பத்து நாள் தங்கிக்கலாமா?"

தங்கிக்கலாமாவாம்! ஒச்சம்மாள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புதுப் பாய், புதுத் தலையணை வாங்கினாள். மகள் வருவது சாழிக்காக, தனக்காக இல்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எதற்காக வந்தால் என்ன, வருகிறாள். பத்து நாளும் தப்பாக ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது. கிளம்பும்போது அவள் வாயால் ‘போயிட்டு வரேன்’ என்று ஒரு சொல் வந்துவிட வேண்டும். ஒச்சம்மாள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

செல்வி வந்திறங்கினாள். பிச்சையின் மூக்கு, பிச்சையின் நடை. பையை வைத்ததும் மதினிக்குப் போன் போட்டு, "அம்மா, வந்து சேந்துட்டேன். நீ மாத்திரை போட்டியா?" என்று கேட்டாள். ஒச்சம்மாள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். பிறகு செல்வி பின்பக்கம் போனாள். ஓர் இலையைத் திருப்பிப் பூச்சியைக் கண்டதும் அவள் முகம் விரிந்த விதத்தைப் பார்த்து, நான் அந்த இலையாகப் பிறந்திருக்கலாம் என்று ஒச்சம்மாளுக்குத் தோன்றியது.

முதல் நாள் சாயங்காலம் முழுக்கச் செல்வி பேசினாள். அந்த ஒரு சாயங்காலம் போதும் ஒச்சம்மாளுக்கு. பூச்சியின் மார்புக்கு அடியில், கால் முளைக்கிற இடத்தில், நாற்றம் பீய்ச்சுகிற துளை இருக்கிறதாம். அந்த நாற்றத்தில் இருக்கிற சரக்கும் பச்சைக் கொத்தமல்லி வாசனையில் இருக்கிற சரக்கும் ஒன்றேதானாம். முதுகில் இருப்பது கவசம். சிறகு அதற்குள்ளே மடங்கியிருக்கிறது. வாய் ஓர் ஊசி; அதை வட்டமரத்துக் காயில் குத்தி உறிஞ்சும். ஆனால் முட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டால் தாய் பட்டினிதான். எறும்பு வந்தால் அந்தப் பக்கமாகக் கவசத்தைச் சாய்த்து மறைக்கும். எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு குளவி உண்டு. அது வந்து இந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும். அதையும் தாய் காலால் உதைத்து விரட்டும்.

"எத்தனை நாள் இப்படி உக்காந்திருக்கும்?"

"பொரியிற வரைக்கும். ஏழெட்டு நாள். பொரிஞ்ச பெறகும் குஞ்சுகளை அடியில வச்சிக்கிட்டுக் கொஞ்ச நாள்."

ஒச்சம்மாள் சாயாவை ஆற்றி நீட்டினாள். 

மறுநாள் காலையில் செல்வி புதிதாக முட்டையிட்ட பன்னிரண்டு இலைகளைத் தேர்ந்து, காம்பில் நூல் கட்டி எண் எழுதினாள். பிறகு ஒரு சின்னத் தூரிகையை எடுத்து முதல் இலையில் இருந்த தாயை மெல்ல நெம்பினாள். அது தூரிகையின் பக்கம் முதுகைச் சாய்த்ததே தவிர நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி நெம்பினாள். கால்களின் பிடி ஒவ்வொன்றாக விட்டது. பூச்சியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள்.

"ஏன் தாயி அதை எடுக்குற?"

"ஒத்தப்படை இலையில எல்லாம் தாயை எடுத்துருவேன். ரெட்டப்படையில விட்ருவேன். தாய் இல்லாட்டி முட்டை என்ன ஆகுதுன்னு பாக்கணும். அதுதான் ஆராய்ச்சியே."

ஒச்சம்மாள் கையிலிருந்த கூடையை இறக்கி வைத்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். குத்திக்காட்டுகிறாளோ? இல்லை. அதில் ஒன்றுமில்லை, வேலை பார்க்கிற முகம்.

"முட்டை தேடாதா?"

"முட்டை என்னத்தத் தேடும்?"

"அந்தத் தாயி?"

"ரெண்டு நாள்ல மறந்துரும். பூச்சிதானே."

மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. பதினோராம் இலைக்கு வந்தபோது ஒச்சம்மாள் கிட்டே வந்து நின்றாள். அந்தப் பூச்சி முட்டையிடுவதை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். செல்வி வந்த அன்று விடியற்காலையில், இலை கிள்ளப் போனபோது, வரிசை வரிசையாக அது முட்டை வைத்துக்கொண்டிருந்தது. மகள் வருகிற நாள், நல்ல சகுனம் என்று நினைத்திருந்தாள். நூற்றுநான்கு முட்டை என்று செல்வி நோட்டில் எழுதினாள். தாயை எடுத்துப் பதினொன்று என்று ஒட்டிய டப்பாவில் போட்டாள்.

ஆறு டப்பாவும் அறைக்குள், சன்னலோரம். செல்வி அவற்றுக்கு வட்டக்காய் போட்டு வைத்தாள். மற்றவை சாயங்காலத்துக்குள் காயில் வாய் வைத்துவிட்டன. பதினோராம் டப்பாக்காரி காயைத் தொடவில்லை. மூடிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒச்சம்மாள் மாவு பிசைந்தபோதும், தேங்காய் துருவியபோதும், அந்தக் கால்கள் பிளாஸ்டிக்கைப் பிராண்டும் சத்தம் காதில் விழுந்தது. அடுத்த அறையில் பேசினால் கேட்காதவளுக்கு இது மட்டும் கேட்டது.

தாயை எடுத்த இரண்டாம் நாளுக்குள் ஒன்றாம் இலையை எறும்பு மொய்த்துவிட்டது. ஐந்தாம் இலையில் பாதி முட்டையைக் காணோம். சாயங்காலம் செல்வி பதினோராம் இலைக்கு அடியில் உட்கார்ந்து, லென்சைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். நோட்டில் நேரம் பார்த்து எழுதினாள். எதைக் கண்டு சிரிக்கிறாள் என்று ஒச்சம்மாளுக்குப் புரியவில்லை. மகள் சிரித்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பதினோராம் இலை நன்றாக இருக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் டப்பாவைப் பார்த்தாள். டப்பாக்காரி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாள். ரெண்டு நாளில் மறந்துவிடும் என்றாளே இந்தப் பெண்! செல்வி புதுப்பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒச்சம்மாள் மூடியைத் திறந்து பூச்சியைக் கைக்குள் பொத்திக்கொண்டு பின்கதவு வழியாகப் போனாள். கைக்குள் அது பீய்ச்சியடித்தது. பச்சைக் கொத்தமல்லியைக் கசக்கி அழுகவிட்டது போன்ற நாற்றம் குப்பென்று ஏறியது. பீய்ச்சிக்கோ, என்னைய என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ என்று முணுமுணுத்தபடி பதினோராம் இலையின் அடியில் கையை விரித்தாள்.

பூச்சி கொஞ்சம் தடுமாறியது. உணர்கொம்பை நீட்டி முட்டைகளின் ஓரத்தைத் தொட்டது. அப்படியே மேலே ஏறி, ஒருமுறை திரும்பி, கால்களை அகட்டி உட்கார்ந்தது. பிறகு அசையவில்லை. எறும்பு இந்த இலைக்கு இன்னும் வரவில்லை; முட்டை அத்தனையும் வெள்ளையாக அப்படியே இருந்தது. நல்ல நேரத்தில் கொண்டுவந்து வைத்தோம் என்று ஒச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். மாவு பிசைந்தாள், அவித்தாள். முதல் ஈட்டில் எடுத்த அடையைத் தட்டில் வைத்து மகளுக்குக் கொடுத்தாள். செல்வி ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"கொத்தமல்லி போட்டிங்களா?"

"இலையடையில யாரு தாயி கொத்தமல்லி போடுவா?"

செல்வி தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து ஒச்சம்மாளின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மூன்று நாளில் மகள் அவளைத் தொட்டது அதுவே முதல் தடவை. வெதுவெதுப்பான, மெலிந்த விரல்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட அந்த நிமிஷத்திலும், கையை விட்டுவிடாதே என்றுதான் ஒச்சம்மாளுக்கு இருந்தது.

செல்வி விட்டுவிட்டாள். சன்னலோரம் போய்ப் பதினோராம் டப்பாவைப் பார்த்தாள்.

"ஏன் எடுத்து வச்ச?"

கோபத்தில்தான் முதன்முதலாக நீ என்று வந்தது.

"பொறுக்கல தாயி. தின்னாம கொள்ளாம சுத்திச் சுத்தி..."

"பொறுக்கலையா? ஒரு பூச்சிக்குப் பொறுக்கல. என்னைய விட்டுட்டு வந்தப்ப எப்படிப் பொறுத்துச்சு?"

எத்தனையோ பதில் ஒச்சம்மாள் சேர்த்து வைத்திருந்தாள். இழுப்பு, டாக்டர், தூசி, பிச்சை செத்தது, மதினிக்குப் பிள்ளை இல்லாதது. பதினெட்டு வருஷமாக அடுப்படியில் தனியாக ஒத்திகை பார்த்த பதில்கள். 

"அப்பவும் பொறுக்கல," என்றாள். "ஆனா வந்துட்டேன்."

"ஒரு வருஷம் கழிச்சு வந்தியே, ஞாபகம் இருக்கா? நான் போய்க் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சேன். ஏன் ஒளிஞ்சேன் தெரியுமா? நீ குனிஞ்சு பாத்து இழுத்துட்டுப் போவன்னு ஒளிஞ்சேன். அங்கனயே படுத்திருந்தேன். நீ தேடவே இல்ல. பஸ் போற சத்தம் கேட்டுச்சு."

 பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டல்லவா ஒச்சம்மாள் அன்று பஸ் ஏறினாள்! கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு எட்டு எடுத்து வைத்தால் கட்டில். ஆவிப்பானை கொதித்து மூடியைத் தள்ளியது.  செல்விதான் வந்து அடுப்பை அணைத்தாள்.

பிறகு செல்வி நோட்டை எடுத்து, பதினோராம் வரியில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"இதை இனி ஆராய்ச்சியில சேக்க முடியாது."

மிச்ச நாள்கள் பேச்சில்லாமல் ஓடின. சேவியர், "சேச்சிக்குத் தொண்டை கட்டிடுச்சோ?" என்று கேட்டார். ஒச்சம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். மற்ற ஒற்றைப்படை இலைகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. எறும்பு, சிலந்தி, என்னென்னவோ. எட்டாம் நாள் இரட்டைப்படை இலைகள் பொரிந்தன. குங்குமத்தைத் தூவிவிட்டாற்போலச் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள், தாயின் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு. பதினோராம் இலை மட்டும் பொரியவில்லை. கிளம்புகிற அன்று காலை செல்வி அதையும் திருப்பி ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாற்போல ஒச்சம்மாளை நோக்கினாள். சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பையை வாங்கிக்கொண்டு, "கிளம்புறேன்" என்றாள். வரேன் என்று சொல்லவில்லை. பஸ் பாலத்தில் ஏறி மறைகிறவரை ஒச்சம்மாள் நின்றாள். ஒருவேளை அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று வீடு வந்து சேரும்வரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

கோடு போட்ட இலை என்றாலும் தாய் உட்கார்ந்துதானே இருக்கிறாள்! ஒச்சம்மாள் தினமும் இரண்டு வேளை போய்ப் பார்த்தாள். சேர்க்கமுடியாத அந்த இலை பொரிந்தால் போதும், மகளிடம் சொல்லத் தனக்கு ஒன்று இருக்கும் என்று நினைத்தாள். வெள்ளையாக இருந்த முட்டைகள் மங்கின, பிறகு கறுத்தன. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மரத்தடியில் நின்றபடியே போன் போட்டாள்.

"தாயி, பதினோராவது இலை முட்டை எல்லாம் கறுத்துருச்சு. இன்னிக்கோ நாளைக்கோ பொரிஞ்சிரும்போல."

 வைத்துவிட்டாளோ என்று ஒச்சம்மாள் போனைப் பார்த்தாள்.

"தாயி?"

"அது பொரியாது," என்றாள் செல்வி. "பொரியிற முட்டை செவக்கும். கறுத்தா உள்ள குளவி இருக்கு."

"குளவியா? அது எப்ப வந்துச்சு? தாயிதான் எந்திரிக்காம உக்காந்திருக்காளே. நான் நித்தம் பாக்குறேனே!"

"நீ கொண்டுபோய் வைக்கிறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் நானே பாத்தேன். மூணு குளவி. நேரம் போட்டு எழுதி வச்சிருக்கேன்."

அந்தச் சிரிப்பு ஒச்சம்மாளுக்கு ஞாபகம் வந்தது. அவள் இலையைத் திருப்பிப் பார்த்தாள். காற்றில் இலை ஆடியது. பூச்சி கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி, அவள் கை இருந்த பக்கமாக முதுகைச் சாய்த்தது.

"அப்ப நான் திருப்பி வச்சது..."

"பிரயோஜனம் இல்ல."

"பின்ன இது ஏன் இன்னும் உக்காந்திருக்கு?"

"அதுக்குத் தெரியாது."

ஒச்சம்மாள் இலையை மெல்ல விட்டாள். பண்டகசாலைச் சுவருக்கு அப்பால் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"அதுக்குத் தெரியாது, தாயி," என்றாள். "எனக்குத் தெரியும். பிந்திப்போச்சுன்னு தெரிஞ்சுதான் நான் உக்காந்திருக்கேன்."

 வச்சிரவா என்று செல்வி கேட்கவில்லை. இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ, இருவரும் அப்படியே காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு செல்வி, "குளவி வெளிய வந்தா எத்தனைன்னு எண்ணி வை. அடுத்த ஞாயித்துக்கெழம சொல்லு," என்றாள்.

வியாழக்கிழமை காலை அவை வந்தன. முட்டையின் மூடியைக் கடித்துத் துளைத்துக்கொண்டு, எள்ளுக்கும் சிறிய கறுப்புப் பொடிகள், தாயின் வயிற்றுக்கு அடியிலிருந்து நடந்து வெளியேறி, இலை விளிம்பில் நின்று சிறகைத் துடைத்துக்கொண்டு பறந்தன. பூச்சி ஒன்றையும் தடுக்கவில்லை. அன்று சாயாக்கடைகளுக்கு அடை போகவில்லை. ஒச்சம்மாள் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று கடைசிக் குளவி போகிறவரை எண்ணினாள். தொண்ணூற்றெட்டு. மறந்துவிடக் கூடாது என்று கரித்துண்டால் அடுப்படிச் சுவரில் எழுதி வைத்தாள்.

வெற்று ஓடுகளின் மேல் அந்தப் பூச்சி வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்திருந்தது.